ஒன்பது துளை ஜன்னலும் ஒரு சின்ன மெஷினும்

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருவானைக்காவல் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? போனவங்களுக்குத் தெரியும். சன்னதிக்கு நேர் எதிரே போய் நின்னா முன்னால் ஒரு கல் ஜன்னல்தான் இருக்கும். அதில் ஒன்பது துளை. அந்தத் துளை வழியாத்தான் ஜம்புகேசுவரர் தரிசனம். வெளியே வெயிலில் இருந்து உள்ளே வந்து கண்ணை வச்சா முதலில் ஒன்னுமே தெரியாது. இருட்டு. ரெண்டு மூணு நொடி கழிச்சு விளக்கு தெரியும், அப்புறம்தான் லிங்கம் தெரியும். அதுக்குள்ள பின்னாடி நிக்கிறவர் தள்ளிடுவார்.

எங்க வீடு அங்கேதான். சின்ன வயசுல எனக்கு இதில் ஒரே கோபம். இந்த ஓட்டையைக் கொஞ்சம் பெருசா வச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்னு பாட்டிகிட்ட கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். பிற்பாடு சென்னையில் ஆய்வகக் கருவிகளை சர்வீஸ் பண்ற வேலைக்குப் போனேன். நாலு வருஷம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்களோட குடித்தனம். அங்கே முதல் மாசமே அதே கேள்வி திரும்ப வந்து நின்னுச்சு. ஓட்டையைப் பெருசாக்கலாமா, கூடாதா? இன்னைக்கு எபிசோட் முழுக்க ஏறத்தாழ அந்த ஒரு ஓட்டையைப் பத்தினதுதான்.

ஆனா அதுக்கு முன்னால எங்க மாமா கதை. உத்தமர்சீலி பக்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அவருக்கு வாழைத்தோட்டம். ஒரு வருஷம் ஒரு வியாபாரி வந்து, வெளிநாட்டுக்கு அனுப்பறோம், நல்ல விலை தர்றோம், பூச்சிமருந்து மிச்சம் இல்லைன்னு ரிப்போர்ட் மட்டும் வேணும்னு சொன்னார். மாமா காய் மாதிரியைக் கொடுத்தனுப்பினார். ரிப்போர்ட் வரவேண்டிய நாளைத் தாண்டி ஒன்பது நாள் கழிச்சு வந்துச்சு. மருந்து இல்லை, சுத்தம்னு வந்துச்சு. ஆனா தார் அதுக்குள்ள வெட்டற பக்குவத்தைத் தாண்டிடுச்சு. எல்லாம் உள்ளூர் மண்டிக்கே போச்சு. எந்த ஆய்வகம், எந்த வியாபாரின்னு நான் சொல்லப்போறதில்லை, அவங்க மேல வழக்கு போடற நிகழ்ச்சி இல்லை இது. மாமா அன்னைக்கு என்கிட்ட கேட்டது இதுதான்: "ஏம்ப்பா, நீ அந்த மெஷினோடதானே வேலை பார்க்கிற? அதை ஒரு டாட்டா ஏஸ்ல ஏத்தி இங்கே கொண்டாந்தா ஆகாதா?"

ஆகாதுன்னு சொல்லிட்டேன். ஏன்னு சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறுகளை எடை போடற தராசு. ஆனா தட்டில் வச்சு எடை போட முடியாது. அதனால் மூலக்கூறுக்கு முதலில் மின்னேற்றம் கொடுத்து அயனியா மாத்தறோம். அயனியான உடனே அது மின்புலத்தோட சொல்லுக்குக் கட்டுப்படும். லேசானது ஒரு விதமா ஆடும், கனமானது வேற விதமா ஆடும். ஜெர்மனியில் வொல்ஃப்காங் பால் 1950கள்ல செஞ்ச வேலை இது. நாலு கம்பியை நிறுத்தி, அதில் வேகமா மாறுற மின்னழுத்தம் கொடுத்தா, குறிப்பிட்ட எடை உள்ள அயனி மட்டும்தான் நடுவால் தப்பிச்சுப் போகும், மத்ததெல்லாம் கம்பியில் மோதிச் செத்துடும். அதையே கொஞ்சம் மாத்தினா அயனிகளை உள்ளேயே பிடிச்சு வைக்கிற பொறி கிடைக்கும். அவருக்கு 1989ல் நோபல் பரிசு வந்துச்சு.

சிக்கல் என்னன்னா, காத்துல இந்த ஆட்டம் நடக்காது. நாம மூச்சு விடற காத்துல ஒரு மூலக்கூறு இன்னொன்னு மேல மோதாம போகக்கூடிய தூரம் ஏறத்தாழ 70 நானோமீட்டர். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல நேரா நடக்கச் சொல்ற மாதிரி. அதனால் உள்ளே வெற்றிடம் வேணும். வெற்றிடம்னா பம்ப். பம்ப்னா எடை, கரண்ட், சத்தம், சூடு.

இப்போ மாமாவுக்குத் தேவையான அளவைப் பாருங்க. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு பூச்சிமருந்துக்குத் தனியா அளவு நிர்ணயிக்கலைன்னா பொதுவான வரம்பு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 10 கோடியில் ஒரு பங்கு. 10 டன் வாழைக்காய் ஏத்தின லாரி ஒன்னுல 0.1 கிராம் மருந்து. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அந்தச் சிட்டிகையைக் கண்டுபிடிக்கணும், டாட்டா ஏஸ் பேட்டரியில்.

கருவியைச் சின்னதாக்கினா எங்கே அடி விழுதுன்னு இப்போ புரியும். பம்ப் சின்னதாகும். சின்ன பம்ப்பால கொஞ்சம் காத்தைத்தான் வெளியே தள்ள முடியும். அதனால் நுழைவுத் துளையும் சின்னதாகணும். துளை சின்னதானா, காத்தோட சேர்ந்து வர்ற மருந்து மூலக்கூறும் குறைஞ்சு போகும். நாம தேடற ஆளே வாசலில் நின்னுடறான்.

பலரும் நினைக்கிறது, உள்ளே இருக்கிற டிடெக்டர் மட்டமா இருக்கும், நல்லதா மாத்தினா போதும்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். அது பெரும்பாலும் தப்பு. எலக்ட்ரான் மல்டிப்ளையர்னு ஒரு சாதனம் இருக்கு. ஒரே ஒரு அயனி வந்து மோதினா போதும், அதை 10 லட்சம் எலக்ட்ரானாப் பெருக்கிக் காட்டிடும். இந்த டிடெக்டர் உள்ளங்கையில் அடங்கும். கேட்கிற காது நல்லாத்தான் இருக்கு, பேசறவன்தான் வந்து சேரலை. பழைய வகை அயனியாக்கத்தில், சூடான இழையில் இருந்து எலக்ட்ரான் பாய்ச்சி மோதவிடுவாங்க. அதில் உள்ளே வந்த மூலக்கூறுகளில் ஆயிரத்துக்கு ஒன்னு கூட அயனியாகிறது கஷ்டம். மிச்சமெல்லாம் பம்ப் வழியா வெளியே போயிடும். அந்த இழை வேற தன் பங்குக்குப் பேட்டரியைத் தின்னும்.

இதை உடைச்சதில் முக்கியமான குழு அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில், கிரஹாம் குக்ஸ் என்பவரோடது. 'மினி 10' என்று ஒரு கருவி செஞ்சாங்க. 10 கிலோ எடை, 70 வாட். நம்ம வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் எடுக்கிற கரண்ட். 2008ல் அவங்க போட்ட ஒரு யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது எங்க ஊர்க்காரன் யோசிச்ச மாதிரியே இருக்கும். நுழைவுத் துளை எப்பவும் ஏன் திறந்தே இருக்கணும்? மூடி வை. அப்பப்போ ஒரு 20 மில்லிநொடி மட்டும் திற. பெருசாவே திற. காத்தும் அயனியும் கொட்டட்டும். உடனே மூடு. அயனிகள் மின்புலப் பொறிக்குள்ள மாட்டிக்கும், காத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அடுத்த ஒரு நொடியில் சின்ன பம்ப் நிதானமா காத்தை வெளியே தள்ளிடும். அப்புறம் பொறியில் இருக்கிற அயனிகளை ஒவ்வொன்னா எடை போடு.

முக்கொம்பு மேலணை ஷட்டர் மாதிரிதான். திறக்கும்போது வெள்ளம் வரும், வலையில் மீன் நிக்கும், ஷட்டரை இறக்கிட்டுத் தண்ணியை வடியவிட்டா மீனை எண்ணலாம். (2018 ஆகஸ்டில் அதே முக்கொம்பில் கொள்ளிடத்து ஷட்டர்கள் வெள்ளத்தில் அடிச்சிட்டுப் போனதை டிவியில் பார்த்திருப்பீங்க. இந்தக் கருவியிலும் வால்வு சரியா மூடலைன்னா ஏறத்தாழ அதே நிலைமைதான். மூடாத வால்வு ஒன்னோட நான் ஒரு சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டியிருக்கேன்.) சராசரியாப் பார்த்தா பம்ப் மேல விழற சுமை கொஞ்சம்தான், ஆனா திறக்கிற அந்தக் கணத்தில் துளை பெருசு. ஓட்டை பெருசா இருக்கணுமா சின்னதா இருக்கணுமாங்கிற கேள்விக்கு, நேரத்தைப் பொறுத்துன்னு பதில் சொல்லலாம்னு எனக்கு அதுவரை தோணவே இல்லை.

பொறியைச் சின்னதாக்கறதிலும் ஒரு லாபம், ஒரு நஷ்டம். ஆரத்தைப் பாதியாக்கினா, அதே அயனியைப் பிடிக்கத் தேவையான மின்னழுத்தம் கால் பங்கு போதும். பேட்டரிக்குக் கொண்டாட்டம். ஆனா சின்ன அறையில் நிறைய அயனிகளை அடைச்சா ஒன்னையொன்னு தள்ளிக்கும், எடைக் கணக்கு தப்பாகும். அதுக்கும் பர்டூ குழு ஒரு வழி கண்டுபிடிச்சது. அறையை உருண்டையா வைக்காம, தொட்டி மாதிரி நீட்டமா வச்சாங்க. குறுக்களவு சின்னது, கொள்ளளவு நீளத்தில் கிடைச்சிடும்.

சரி, அயனியாக்கற பக்கம். இங்கேதான் நம்ம ஊர் வருது. குக்ஸ் குழு ஒரு எளிமையான வழி வச்சிருந்தது. முக்கோணமா வெட்டின ஒரு தாள், அதில் ஒரு துளி ரத்தமோ பழச்சாறோ, மேல ஒரு துளி கரைப்பான். தாளுக்கு 3,000, 4,000 வோல்ட் கொடுத்தா, கூர்முனையில் இருந்து மின்னேற்றம் கொண்ட நுண்துளிகள் தெறிக்கும். அதை நேரா கருவி வாயில் காட்டு. வடிகட்டு, காய்ச்சுன்னு ஆய்வகத்துல அரை நாள் பண்ற முன்வேலையில் பெரும்பகுதி இல்லை. ஆனா அந்த உயர் மின்னழுத்தத்துக்கு ஒரு சப்ளை வேணும், கையில் தூக்கிட்டுப் போற கருவிக்கு அது ஒரு பாரம்.

2014ல் சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவும் குக்ஸும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தாளின் மேல கார்பன் நானோகுழாய்களைப் பூசினாங்க. அவ்வளவுதான். இப்போ 3 வோல்ட் போதும்னு ஆச்சு. மூவாயிரம் இல்லை, மூணு. டிவி ரிமோட்டில் போடற ரெண்டு பென்சில் செல். எப்படின்னா, மின்புலத்தோட வேகம் வோல்ட்டை மட்டும் பொறுத்தது இல்லை, முனை எவ்வளவு கூர்மைங்கிறதையும் பொறுத்தது. தாளின் முனை நம்ம கண்ணுக்குக் கூர்மை. நானோகுழாய் முனைக்கு முன்னால் அது உலக்கை. அந்த நுண்முனைகளில் மின்புலம் அவ்வளவு அடர்த்தியாக் குவியுது. மூலக்கூறும் சிதையாம முழுசா அயனியாகி வருது.

கேட்டதும் எனக்கு மாமாவுக்கு போன் பண்ணணும்னு தோணுச்சு. பண்ணலை. ஏன்னா 3 வோல்ட் மிச்சம் பிடிக்கிறது முன்வாசலில் மட்டும்தான். பின்னால பம்ப் அப்படியேதான் இருக்கு. செய்தித்தாள்ல 'பேட்டரியில் இயங்கும் ஆய்வகம்'னு தலைப்பு வந்தா, எந்தப் பாகம் பேட்டரியில் இயங்குதுன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

அந்த ஆய்வில் எனக்கு இன்னொரு சின்ன சந்தோஷம் உண்டு. நானோகுழாய்களுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க அவங்க பயன்படுத்தின வழிகளில் ஒன்னு ராமன் நிறமாலை. சி.வி. ராமன் 1888 நவம்பர் 7ல் பிறந்தது எங்க திருவானைக்காவலில்தான்! அவர் கல்கத்தாவில் செஞ்சதும் ஒரு வகையில் இதே போராட்டம். திரவத்தில் சிதறி வர்ற ஒளியில் நிறம் மாறி வர்ற பங்கு அவ்வளவு அவ்வளவு குறைவு. அசல் ஒளி அதை முழுங்கிடும். 1928ல் அவர் கையில் லேசர் கிடையாது, சூரிய வெளிச்சம்தான். முன்னால் ஒரு நிற வடிகட்டி, பின்னால் அதுக்கு நேர் எதிரான நிற வடிகட்டி. முதலாவது விடற ஒளியை ரெண்டாவது அடைச்சிடும். அதையும் மீறி ஏதோ தெரியுதுன்னா, அது திரவத்துக்குள்ள புதுசாப் பிறந்த ஒளி. சிக்னல் கொஞ்சம்தான், ஆனா பின்னணியை இருட்டாக்கிட்டார். கோயில் ஜன்னலில் கண்ணை வச்சா நாலு பக்கமும் கல் மறைச்சு இருட்டாக்குதே, அது மாதிரி.

பின்னணி. இதைப் பத்திப் பேசத்தான் நான் இவ்வளவு நேரம் வந்தேன். ஏன்னா சின்னக் கருவியில் சிக்னலைக் கூட்டறது பாதி வேலைதான். மீதிப் பாதி இன்னும் கஷ்டம், அதுக்கு நம்ம நாட்டுலேயே நடந்த பெரிய உதாரணம் நிலாவில் இருக்கு.

2008 நவம்பர் 14. சந்திரயான்-1ல் இருந்து சுமார் 35 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி பிரிஞ்சு நிலாவை நோக்கி விழுது. இறங்கற வேலையே இல்லை, மோதறதுதான் திட்டம். 100 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து தென்துருவம் வரைக்கும் ஏறத்தாழ 25 நிமிஷம். அதுக்குள்ள சேஸ் என்று ஒரு சின்ன மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தோட கருவி. விழுந்துகிட்டே சுமார் 650 நிறமாலைகளை எடுத்து அனுப்பிச்சிட்டு, மோதி உடைஞ்சு போச்சு. ஒரே வாய்ப்பு, ரீடேக் கிடையாது.

அந்த நிறமாலைகளில் 18 என்ற எடையில் ஒரு மேடு. 18னா தண்ணீர். 44ல் இன்னொன்னு, கார்பன் டை ஆக்சைடு.

நிலாவில் தண்ணீர்! குதிக்கலாமா? அவங்க உடனே குதிக்கலை. ஆய்வுக்கட்டுரை 2010ல்தான் வந்துச்சு. ஏன் தாமதம்னு எனக்கு உள்விவரம் தெரியாது, ஆனா வெற்றிடத்தோட வேலை பார்த்த எவனுக்கும் 18 என்ற எண்ணைப் பார்த்தா முதலில் சந்தேகம்தான் வரும். எந்த வெற்றிட அறையைத் திறந்து மூடினாலும் கடைசி வரை போக மறுக்கிற விருந்தாளி தண்ணீர்தான். ஸ்டீல் சுவரில் ஒட்டிக்கிட்டே இருக்கும். அறையை மணிக்கணக்கா சூடாக்கினாத்தான் கொஞ்சம் கொஞ்சமா விடும். கருவி சின்னதாக ஆக, உள்ளே இருக்கிற இடத்தோட ஒப்பிட்டா சுவர்ப் பரப்பு அதிகம். அதனால சின்னக் கருவி தன் வேர்வையைத் தானே அதிகமா முகரும். சேஸ் அளந்த அழுத்தம் பூமிக் காத்தழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு மாதிரி. அதுவே அப்பல்லோ காலத்து இரவுநேர அளவைவிட ரொம்ப அதிகம். இது நிலாவோட பகல் காத்தா, இல்லை ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறும்போது பெட்டியோட ஒட்டிக்கிட்டு வந்த ஈரமா? விஞ்ஞானிகள் இதைக் கேட்டாங்க. கேட்கத்தான் வேணும். 1972ல் அப்பல்லோ 17 வச்சுட்டு வந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் இதே கதிதான். பகல் ஆனா, அங்கே விட்டுட்டு வந்த சாமான்களே சூடாகி வாயு கக்கும், அளவு கெட்டுப்போகும். இரவு அளவுகள்தான் நம்பும்படி இருந்துச்சு. நிலாவின் மேற்பரப்பில் தண்ணீர், ஹைட்ராக்சில் தடயம் இருக்குன்னு 2009 செப்டம்பரில் சந்திரயான்-1ல் இருந்த நாசாவோட வேற ஒரு கருவி சொன்னதால, சேஸ் சொன்னதுக்கு ஒரு துணை கிடைச்சது. ஆனா அளவு பத்தின கேள்வி வேற, அது தனியா நிக்குது.

அடுத்து மங்கள்யான். அதே ஆய்வகத்தின் மென்கா என்ற கருவி, 3.56 கிலோ. மங்கள்யான் பாதை ரொம்ப நீளமான நீள்வட்டம். செவ்வாய்க்கு வெகு அருகில் வரும், அப்புறம் பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போகும். அப்படிப்பட்ட பாதையில் ஒரு வசதி உண்டு. தூரத்தில் இருக்கும்போது கருவி முகர்றது முழுக்க அதோட சொந்த வாசனை. பக்கத்தில் வரும்போது சொந்த வாசனை, கூடவே செவ்வாய். ரெண்டாவதில் இருந்து முதலாவதைக் கழிச்சா செவ்வாய். 2014 டிசம்பரில் 265 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கினப்போ, சுமார் 270 கிலோமீட்டருக்கு மேல கார்பன் டை ஆக்சைடைவிட ஆக்சிஜன் அணுக்கள் அதிகம்னு அதால சொல்ல முடிஞ்சது. மூணரைக் கிலோ கருவி.

இன்னொன்னு. நிறைய தடவை அளந்து சராசரி எடுத்தா உணர்திறன் கூடும்தானேன்னு சிலர் கேட்பாங்க. கூடும், 100 தடவை அளந்தா இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். பேட்டரியும் அதுக்குத் தகுந்த மாதிரி காலியாகும். ஆனா கருவியோட சொந்த வாசனை இரைச்சல் இல்லை, அது நிலையா அங்கேயே இருக்கு. லட்சம் தடவை அளந்தாலும் லட்சம் தடவையும் வரும். அதுக்குக் கழித்தல்தான் வழி. வெறும் தாள், வெறும் கரைப்பான், மருந்தே அடிக்காத வாழைக்காய், இதையெல்லாம் முதலில் அளக்கணும். அந்த வெற்று அளவு எவ்வளவு ஏறி இறங்குதோ, பொதுவா அதுக்கு மூணு மடங்கு மேல வந்தாத்தான் 'இருக்கு'ன்னு சொல்ற துணிச்சல் வரும். சர்வீஸுக்குப் போன இடங்களில் நான் பார்த்தது, அவசரம்னா முதலில் கைவிடறது இந்த வெற்று அளவைத்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ மாமாகிட்ட இதெல்லாம் சொன்னேன், சேஸ் கதை உட்பட. வாழைத்தார் நிழலில் உட்கார்ந்து முழுசாக் கேட்டார். தோட்டத்துக்கே வர்ற கருவி இன்னைக்குச் செய்யக்கூடியது முதல்கட்டச் சல்லடைதான், சந்தேகம் வந்த மாதிரியை மட்டும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அங்கே வரிசை குறையும்னு விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"அப்போ அந்த சின்ன மெஷின் 'இல்லை'ன்னு சொன்னா, மருந்து இல்லைன்னு அர்த்தமா, இல்லை அதுக்குத் தெரியலைன்னு அர்த்தமா?"

"எந்த அளவு வரைக்கும் அதுக்குத் தெரியும்னு ரிப்போர்ட்லயே எழுதணும் மாமா. அதுக்குக் கீழே தெரியலைன்னுதான் அர்த்தம்."

"வியாபாரி அதைப் படிப்பானா?"

எனக்கு பதில் வரலை. அத்தை காபி கொண்டு வந்தாங்க.

ஏலச்சந்தையில் விலை எப்படி முடிவாகுதுன்னு அடுத்த எபிசோடில் பேசப்போறோம். மாமா கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியை அங்கே இருக்கிற ஒருத்தர்கிட்டயே கேட்கலாம்னு இருக்கேன். சந்திப்போம்.